அரைத் தாங்கிக்கு மேலே

ஒலுமடுவுக்கு அப்பால், காட்டுப்பாதையில்
மூன்றாவது பள்ளத்தில் இருந்து ஏறும்போதுதான் மணக்கும்.
இறங்கும்போது மணக்காது.
நேர் றோட்டில் மணக்காது.
டீசல் அரைத் தாங்கிக்குக் கீழே என்றால்
எந்தப் பள்ளத்திலும் மணக்காது.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாரி போனது.
கண்டுபிடித்த பிறகு
ஆறு வருஷம் அரைத் தாங்கியோடு ஓடினேன்.

“ஃபுல்லோ அக்கா?”
மாங்குளத்தில் பம்ப் பிடிக்கிற பொடியன் கேட்பான்.
“அரை.”
கியூவில் கிடந்த வருஷம் அரையும் கிடைக்கவில்லை.
அந்த வருஷம் ஓட்டை
தன் வேலையை மறந்திருந்தது.

வவுனியாவில் ஏலத்தில் எடுத்த லாண்ட் குரூசர்.
எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பிறப்பு, என்னிலும் இரண்டு வயது இளசு.
கதவில் யாரோ பெயரை உரித்த இடம்
மற்ற வெள்ளையைவிட வெள்ளை.
பின்னால் யானைவேலி பற்றரி நாலு,
கம்பிச் சுருள், காட்டுக்கத்தி, என் சாப்பாட்டுப் பெட்டி.
வேலி அறுகிற இடத்துக்கு
ஒருநாளும் றோட்டு இருப்பதில்லை.

“ராங்கை இறக்காமல் ஹோஸ் மாத்தலாம் எண்டு சொல்லுறவன்
ஒருநாளும் ஹோஸ் மாத்தாதவன்”
என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.
இருந்த டீசலைப் பால் கானில் இறக்கினோம்.
பட்டி ஆணிகள் கறள்;
இரண்டு கழன்றன, ஒன்று முறிந்தது,
நாலாவதோடு மத்தியானம் போனது.
ஜாக்கியின் தலையில் பலகை வைத்து
தாங்கியை மெல்ல மெல்ல இறக்கினால்
அதன் முதுகில் ஒரு சின்னக் காணி:
கிறவல் சிவப்பு, வயல் கறுப்பு, கடற்கரை மணல்,
ஏதோ எலி சேர்த்து மறந்த பாலைக்கொட்டைகள்.

கீழேயிருந்து பார்த்தால் ஹோஸ் நல்லபிள்ளை.
கழற்றி வளைத்தால்
மேல்பக்கம் முழுக்கப் பித்தவெடிப்பு.
மணிக்கட்டுத் தடிப்பான நிரப்பு ஹோஸ்,
விரல் தடிப்பில் காற்றுக் குழாய்,
போகிறது ஒன்று, திரும்பி வருகிறது ஒன்று,
நாலும் முடிந்த கதை.

காற்றுக் குழாயின் நடுவில்
சைக்கிள் ரியூப்பை நாடாவாய்க் கிழித்து
ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏற,
இடைவெளி பிசகாமல் சுற்றியிருந்தது.
முடிச்சு இல்லை. நுனியை உள்ளே செருகியிருந்தது.
ஸ்ரனிஸ்லாஸ் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
“இது கராஜ்காரன்ர வேலை இல்லை.
மருந்து கட்டிப் பழகின கை.”

எனக்கு முந்தி எத்தனை பேர் இதை ஓட்டினார்கள்?
ஏலக் கடதாசியில் எஞ்சின் நம்பர் மட்டும் இருந்தது.
கட்டுப்போட்ட இடம் ஒழுகவில்லை.
ஒரு சாண் தள்ளி, யாரும் தொடாத இடத்தில்
வெடித்திருந்தது.
“எறியவோ?”
“வையுங்கோ.”
ஆணி போட்டுவைக்கும் பேணிக்குள் அது சுருண்டது.

கிளிநொச்சியில் தண்ணி ஹோஸ்தான் இருந்தது.
“இதைப் போடலாம் தங்கச்சி, உருவம் ஒண்டுதான்.”
உருவம் ஒன்றுதான்; டீசல் அதை உள்ளிருந்து தின்னும்.
பஞ்சிகாவத்தையில் சொல்லி
இரவு பஸ்ஸில், ஆரோ ஒருவரின் வாழைக்குலைக்கு அடியில்
சரியான ஹோஸ் வந்து சேர்ந்தது,
புது றப்பர் மணத்தோடு.

ஒரு முனைக்கு இரண்டு கிளிப்.
திருகாணித் தலைகளைச் சில்லுப் பக்கம் திருப்பி வைத்தார்.
“ஏன் அப்பிடி?”
“அடுத்தமுறை கழட்டுறவனுக்குக் கை எட்ட வேணும்.”
அவ்வளவுதான் சொன்னார்.
பிறகு பதினாலாம் நம்பர் சாவியைக் கேட்டார்.

“அரையோ அக்கா?”
“ஃபுல்.”
பொடியன் ஒருக்கால் என்னைப் பார்த்தான்.
பாதிவரை தெரிந்த சத்தம்.
அதற்கு மேலே
என் வண்டி போட்டு நான் கேளாத சத்தம்,
குடம் நிறையும்போது போல மெலிந்து மெலிந்து ஏறி
டக்கென்று நின்றது.
காசு எண்ணும்போது கொஞ்சம் நெஞ்சு இடித்தது.

மூன்றாவது பள்ளம்.
ஏறும்போது, பழக்கத்தில், கண்ணாடியை இறக்கினேன்.
ஈரமண். பற்றரி அசிற். மதியச் சம்பலில் வெங்காயம்.
வேறொன்றும் இல்லை.
முள் மேல் கோட்டில் நின்றது.
பிழை காட்டுகிறதோ என்று
விரலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன்.