அடைப்புக்குறி

பேரவையில் என் வேலை அடைப்புக்குறிகள்.
பேச்சை மெஷின் எழுதிக்கொள்ளும்.
பேச்சுக்கு நடுவே நடப்பதை
நான் எழுதவேண்டும், தமிழில்.
சுற்றறிக்கை அனுமதிப்பது மூன்று:
(கரகோஷம்)
(நீண்ட கரகோஷம்)
(உறுப்பினர்கள் எழுந்து நின்று, நீண்ட கரகோஷம்)
நாலாவது கிடையாது.
பத்தொன்பது வருஷத்தில்
தேவைப்பட்டதும் கிடையாது.

கட்சி ஒன்று. ஆகவே
வாக்கெடுப்புத் தாள் அச்சகத்திலிருந்து வரும்போதே
'எதிராக' என்பதற்கு நேரே
பூச்சியம் போட்டு வரும்.
ஆதரவுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள்,
யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால்
கணக்குப் பிழைக்கக் கூடாதென்று.

தமிழ்ப் பிரதியை யார்தான் வாசிப்பது,
நிலூபா ஒருநாள் கேட்டாள்.
எலி, என்றேன்.
கீழ்மாடிக் களஞ்சியத்தில்
ஈரமான ஜூலை மாதங்களை
ஓரமாய்த் தின்றுகொண்டு வருகிறது.

அன்று தண்ணீர்ச் சட்டமூலம், இரண்டாம் வாசிப்பு.
வெளியே கடல் பெரிசாய் இருந்தது.
காலிமுகத்திடலில் இறால்வடைக்காரர்கள்
தள்ளுவண்டிகளைத் தார்ப்பாயால்
இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
'ஏகமனதாக' என்ற சொல்லில்
அமைச்சர் 'ஏகமன' வரை வந்திருந்தார்.
கரண்ட் போனது.

ஜெனரேட்டருக்குப் பதினொரு செக்கன் வேண்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
மூச்சுவிடுவது முதன்முறையாகக் கேட்டது,
மாடேற்றிய லொறியொன்று
சிவப்பு விளக்கில் நிற்பதைப் போல.
ஏழாவது செக்கனில் ஒரு குரல்.
சின்னது.
வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன மாதிரி.
வெளிச்சம் வந்தபோது
எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்,
எதற்கென்று தெரியாமல்.

கலப்பத்தி மரியாதையான அதிகாரி.
பிளேன்டீ வரவழைத்தார்.
சீனி போதுமா என்று விசாரித்தார்.
பிறகு:
"மிஸ், அது இல்லை என்றா, நெஹே என்றா?"

நான் கேட்டது வாலை மட்டும்.
ஐ என்றும் சொல்லலாம்,
ஏ என்றும் சொல்லலாம்.

இல்லை என்றால்
பின்வரிசையின் ஒன்பது பேர்.
அவர்களின் சாரதிகள்.
சாரதிகளின் மச்சான்மார்.
அதன்பிறகு, வழக்கம்போல,
வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாய்
கதவு தட்டுவார்கள்.
நெஹே என்றால்
மிச்சம் இருநூற்று மூன்று.
அதில் ஒருவர் வருஷப்பிறப்புக்கு
எங்கள் மேசைக்கெல்லாம் கொக்கிஸ் கொண்டுவருபவர்.

தேநீரில் ஆடை படியும் வரை
பிளேன்டீயிலும் ஆடை படியுமென்று காத்திருப்பவள்போலப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருமல், சேர்."
"இருமலா?"
"வரட்டு இருமல்."

நெடுநேரம் என்னைப் பார்த்தார்.
தன் தொண்டையைச் செருமத் தொடங்கி,
சட்டென நிறுத்தி,
எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் நாலாவது வந்தது.
(இருமல்)

அடுத்த அமர்வில் மூன்று.
ஒரு வாரம் கழித்து
நீர்கொழும்பு மெம்பர் இரும
மாத்தறை மெம்பர் பதிலுக்கு இருமினார்.
வரவுசெலவுத் திட்டத்தன்று
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்,
பென்சில் முறிந்தது.

இப்போது ஒவ்வொரு மேசையிலும்
கட்சி நிறத்தில் தொண்டை மிட்டாய்.
வாசலில் ஒரு டாக்டர்,
உள்ளே போகிறவர்களை ஆ காட்டச் சொல்கிறார்.
சபாநாயகரின் மனைவி
வாளி வாளியாய்க் கொத்தமல்லி அவித்து அனுப்புகிறாராம்.
பூச்சியம் மட்டும் அப்படியே இருக்கிறது;
இன்னும் பத்து வருஷத்துக்கான தாள்
அடித்து அடுக்கியாயிற்று.

நேற்று மழை. 155 பஸ்.
கொட்டாஞ்சேனை வரை நின்றுகொண்டே வந்தேன்.
ரேடியோவில் பேரவைச் செய்தி,
ஏகமனதாக, முழுச் சொல்லாகவே.
மிச்சக்காசை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர்
இருமினார்.
டீசல் புகையாக இருக்கலாம்.

என் பையில் மிட்டாய் ஒன்று கிடந்தது.
கையில் எடுத்தேன்.
அவரிடம் நீட்டவில்லை.
நானும் உரிக்கவில்லை.