முழுப் பேர்

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசை விட்டுவிட்டுப்
பறவை எண்ணப் போகிறாளாம் என்று
லயத்தில் ஒரு சிரிப்பு ஓடியது.
காலுக்குச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு இறங்கினேன்.

மாசியில் காசல்ரீ வற்றிக் கிடக்கிறது.
செஞ்சேற்றில் தண்ணீர் படிப்படியாய் இறங்கிய தடம்,
மூழ்கிச் செத்த மரங்களின் அடிக்கட்டை,
கட்டைக்கொரு நீர்க்காகம்
ஈரப் படங்கைக் காயப்போட்ட மாதிரி
சிறகை விரித்துக்கொண்டு.

முதலில் எங்களைக் கண்டது ஆள்காட்டி.
கரையில் கால் வைக்குமுன்னே
தண்ணீர் முழுக்கச் சொல்லிவிட்டது.
எங்கள் மலையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்,
பெயர் வேண்டாம்.

ஜெயந்திரன் பைனாக்குலரை மாட்டிவிட்டான்.
கூடைக் கயிறு தலைக்குப் பழக்கம்,
கழுத்தில் பாரம் தொங்குவது புதிது.

சாம்பல் நாரை மூன்று.
கொக்கு பதினொன்று.
இல்லை, பத்து. ஒன்று பொலித்தீன் பை.
வாலாட்டி ஒன்று; ஏதோ தேசத்துக் குளிருக்குத் தப்பி வந்து
எங்கள் குளிரில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிறகு முக்குளிப்பான்கள்.
ஆறு என்றேன். ரிலா டீச்சர் எழுதுவதற்குள் நாலு.
"தண்ணிக்குள்ள இருக்கறத எப்படி டீச்சர் போடுறது?
அரைப் பேரா?"

டீச்சருக்கு விளங்கவில்லை.
ஜெயந்திரன் சிரிக்கவில்லை, அவன் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்.
சொன்னேன்:
தராசில் ஒன்றரைக் கிலோ குறைந்தால்
காலையிலிருந்து நின்ற உடம்பு
செக்ரோலில் பாதி ஆள்.
மழைக்கு, பனிக்கு, துளிர்க்காத செடிக்கு
அதில் கட்டம் இல்லை.

டீச்சர் பேனையைத் தூக்கியபடியே இருந்தார்.
"நீங்க கண்டதுதானே" என்று
ஆறு போட்டார்.

அக்கரையில் ஏழாம் நம்பர் மலை.
வெறுங்கண்ணுக்கு வெறும் பச்சை.
கண்ணாடியை வைத்துத் திருகினால்
தவமலர், அவளுடைய நீலச் சட்டை,
போகிற வேகத்தில் கை தெரியவில்லை.
பக்கத்து நிரை காலி. அது என்னுடையது.
ஒருமுறை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள்.
கையாட்டினேன்.
ஒரு கிலோமீற்றர் இருக்கும், தெரிந்திராது.
பழக்கதோஷத்தில் அவர்களையும் எண்ணிவிட்டேன்,
இருபத்து மூன்று.
தாளில் எழுத இடமில்லை.

தேத்தண்ணி ஊற்றும்போதுதான் எழும்பின
முழுகிப் போன இரண்டும், வேறெங்கோ,
கோரைப் புல் பக்கமாக.
கூடவே
நான் காணாத இன்னொன்று,
தலையில் நீர் சொட்டச் சொட்ட.

"ஏழு டீச்சர்!"
கத்தியதில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.
ஆள்காட்டி திட்டியது.
அவர் ஆறை அடித்து ஏழாக்கினார்,
திருத்தத்தின் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.
என் முழுப் பெயரை,
அப்பா பெயரின் முதலெழுத்தோடு.

சவுக்காரம் படாத விரலிடுக்கில்
அட்டை ஒன்று நிறையக் குடித்து உருண்டிருந்தது.
"அதையும் எழுதவா?" என்றான் ஜெயந்திரன்.