புளித்த மாவு

பதினாறாவது மணிநேரம்.
பேரண்ட்ஸ் கடலடியில்
யார் காலிலும் பூட்ஸ் இல்லை.

மேலே ஜெர்மன் கப்பலின் சுழல்விசிறி
போய்விட்டு, மறந்ததை எடுக்க வருபவன்போல்
திரும்பி வருகிறது.
காதுக்கருவியை அழுத்திக்கொண்டு லுக்யான்
ஒரு விரல் நீட்டுகிறான்.
பிறகு இரண்டு.

கரண்டி விழுந்துவிடக் கூடாதென்று
அதை மார்போடு அணைத்தபடியே
தூங்கிப்போனான் சமையல்காரன் ஸகார்.
அவன் பிசைந்த ரொட்டி மாவு மட்டும்
எந்த உத்தரவுக்கும் அடங்காமல்
பொங்கி, அண்டா விளிம்பு தாண்டி,
டார்பிடோவின் முதுகில் வழிகிறது.

நாங்கள் மூச்சை எண்ணி விடுகிறோம்.
அது விடுகிற மூச்சுக்குக் கணக்கில்லை.

'குத்தி அமுக்கு' என்று
சிலேட்டில் எழுதிக் காட்டினார் கேப்டன்.
எழுந்து போனவன் நான்.
முழங்கைவரை வெதுவெதுப்பு.
குத்தவில்லை.
கையை எடுக்கவுமில்லை.