பன்னிரண்டும் பதினான்கும்

பெர்ரிமன் தெருவில் இப்போது
தார் இருக்கிறது, நடுவே வெள்ளைக் கோடு,
‘வேகம் ஐம்பது’ என்று ஒரு பலகை.
யாருக்கு என்று கேட்காதீர்கள்.
வாத்துகளுக்கு.

நாங்கள் பன்னிரண்டாம் எண். ஆல்வின் பதினான்கு.
நடுவே ஐந்தரை அடி மரவேலி.
அவருடைய ப்ளம் மரம்
எங்கள் பக்கம் கை நீட்டியது.
கிரேயம் ரம்பத்தை எடுத்தான்.
வெட்டியதில்கூடத் தப்பில்லை,
வெட்டிய கிளையை அந்தப் பக்கமே எறிந்தான் பாருங்கள்,
அதற்குப் பதினோரு வருஷம் பேச்சில்லை.

குப்பைத்தொட்டி வைக்கும் செவ்வாய்க்கிழமைகளில்
ஒருவர் உள்ளே போன பிறகே மற்றவர் வருவார்.
வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள்.
கிரைஸ்ட்சர்ச்சில் ஓணான் கிடையாது,
நான்தான் இருந்தேன்:
ஆல்வின் வீட்டு அடுக்களை விளக்கு
பத்தே காலுக்கு அணையும்
என்று தெரிந்துவைத்துக்கொண்டு.

அந்தப் பிப்ரவரி மதியம்
நிலம் உதறியது.
துணியை உதறுவது போல இல்லை;
நனைந்த நாய் தன்னை உதறுவது போல.
பிறகு புல்தரையில் சின்னச் சின்ன வாய்கள் திறந்து
சாம்பல் நிறச் சேறு கொப்பளித்தது,
கார் சக்கரம் மூழ்கும்வரை.
கடல் மூன்று மைல் தள்ளி என்றல்லவா
நினைத்திருந்தோம்.

வேலி படுத்துவிட்டது.
ஒரு பலகை உடையவில்லை.
அதன்மேல் நடந்து வந்தார் ஆல்வின்,
கையில் மண்வெட்டி.
கிரேயம் ஓர் அடி பின்வாங்கினான்.
“உங்க வாசல்லருந்து ஆரம்பிக்கலாமா?”

ஆறு வாரம்
இரண்டு வீட்டுக்கும் ஒரே குழிக் கழிப்பிடம்.
சுற்றிலும் எங்கள் குளியலறைத் திரை,
டால்ஃபின் படம் போட்டது.
உள்ளே இருப்பவர் சீட்டியடிக்க வேண்டும் என்பது சட்டம்.
ஆல்வினுக்கு ஒரே ஒரு மெட்டு தெரியும்,
அதிலும் பாதி.
எங்கள் ட்ரூடி கூடத்தில் கோலி வைப்பாள்;
அது தானாகவே உருண்டு
அவள் கட்டிலுக்கடியில் போய் நிற்கும்.
எத்தனை விநாடி என்று
அவளும் ஆல்வினும் பந்தயம் கட்டுவார்கள்.
சொல்லக்கூடாது,
அந்தச் சாய்ந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு வரைபடம் வந்தது.
ஆற்றோரம் நெடுகச் சிவப்பு.
விலை வந்தது, கையெழுத்து வந்தது.
கடைசி நாள் காலையில்
கிரேயம் எல்லா ஜன்னலையும் துடைத்தான்.
இடிக்கிற வீட்டுக்கு எதற்கு
என்று நான் கேட்கவில்லை.
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை இடிக்க.
குளியலறைச் சுவர் மட்டும்
கொஞ்சம் அடம்பிடித்தது.

இப்போது ரோல்ஸ்டனில் இருக்கிறோம்.
மட்டமான தரை. வைத்த கோலி வைத்த இடத்தில்.
வேலி ஆறடி, இரும்பு.
அந்தப் பக்கம் யாரோ ட்ராம்போலினில் குதிக்கிறார்கள்,
தலைமுடி மட்டும் வந்து வந்து போகிறது.
ஆல்வின் டிமாருவில், தங்கை வீட்டில்.

ஜனவரி கடைசியில் வாளியோடு நான் மட்டும் போவேன்.
வீடெல்லாம் போய் மரம் மட்டும் நிற்கிற தெருவில்
எலுமிச்சை என்றால் நாங்கள்,
ப்ளம் என்றால் அவர்.
ரம்பம் பட்ட இடத்தில்
மூன்று கிளை வெடித்திருக்கிறது,
எங்கள் பக்கமாகவே,
பக்கம் என்று இன்னும் ஒன்று இருந்தால்.

இந்த வருஷம் எனக்கு முன்னால் யாரோ வந்திருந்தார்கள்.
கை எட்டுகிற உயரம்வரை காலி.
திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.
ஃப்ரிட்ஜ் மேல் தபால் ரசீது:
டிமாரு, இரண்டு கிலோ.

“நசுங்கித்தான் போய்ச் சேரும்” என்றேன்.
கிரேயம் நாளிதழைத் திருப்பினான்.
“ஜாமுக்குத்தானே.”