அரைப்புள்ளி

பட்டியலில் இருந்த நாற்பத்திரண்டும் பச்சை.
காரைக்குடி, செக்காலை ரோட்டு மாடி ஆபீஸில்
டீ வந்துவிட்டது.
கிளம்பலாம் என்றான் காசிலிங்கம்.
ஒன்றரை மணி நேரம் கொடு என்றேன்,
நோட்டில் ஒரே வரி எழுதி:
புள்ளிவரி ஆப் – யாரை விட்டுவிடும்?

முதலில் இனிஷியல்.
சா. ராம. மெ. சித. என்று
அடித்துக்கொண்டே போனேன்;
ஆறாவதில் பெட்டிக்கு மூச்சு முட்டியது.
அங்கிருந்து கிளைத்தது அடுத்த சந்தேகம்:
சுவீகாரம் போனவன் எந்த வீட்டுக் கணக்கு?
இரண்டிலும் வந்தான், இரண்டு ரசீதோடு.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
பதிந்திருந்த ஒருவரின் துணையை
அழித்துப் பார்த்தேன்.
திரை சிணுங்கக்கூட இல்லை.
புள்ளி: 0.

சங்கத்துக்குப் போன் போட்டேன்.
கணக்குப் பார்க்கும் அடைக்கப்பன்
முதலில் சிரித்தார்.
"பொண்டாட்டி போனா பூஜ்யமா?
நான் அரைப்புள்ளிம்மா.
மூணு வருசமா."

காசிலிங்கம் நிரலைத் திறந்தான்.
வரிக்கு வரி, கடைசியில் அரைப்புள்ளி.
நடுவில் ஒரு முழு எண்,
அரை என்று ஒன்று இருப்பதே தெரியாமல்.

டீயில் ஆடை படிந்திருந்தது.
மிச்சம் நாற்பது நிமிஷம்.
வயதுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி போட்டேன்.