பதின்மூன்றும் பத்தும்

மிச்சி, கொலக்கம்பை, நாற்பத்து மூன்று கிலோ பச்சை இலை.
தராசில் நின்றது, சீட்டில் அச்சானது,
கணக்கில் மட்டும் ஏறவில்லை.
எடைமேடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்த மூன்று நாளாக
யாருடையதும் ஏறவில்லை.
மற்றவர்கள் மாசக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.
மிச்சி வந்து கேட்டுவிட்டாள்.

குன்னூர் ஃபேக்டரியில் விண்டோஸ்.
என் மேசைக்கடியில் லினக்ஸ்.
நடுவில் ஒரு பென்டிரைவ்,
அதைச் சட்டைப் பையில் டீத்தூளோடு கொண்டுவரும் பெள்ளி.

"பேரு சரியாத்தானே இருக்கு மேடம்?"

சரியாகத்தான் இருந்தது.
வரியின் கடைசியில் பெயர்.
இரண்டு மிச்சிகளையும் அருகருகே நிறுத்தி
சமமா என்று கேட்டேன்.
இல்லை என்றது.
பனி படிந்திருக்குமோ என்று திரையைத் துடைத்தேன்.
மறுபடி கேட்டேன். இல்லை.

பிறகுதான் எண்களாகப் பிரித்துப் போட்டேன்.
பெயர் முடிந்த இடத்தில்
பதின்மூன்று. அப்புறம் பத்து.
எங்கள் பக்கம் பத்தே போதும்.
மிஞ்சிய பதின்மூன்று பெயரோடு ஒட்டிக்கொண்டு
அவளை வேறொருத்தி ஆக்கியிருந்தது.

பத்து என்றால் இறங்கு.
பதின்மூன்று என்றால் திரும்பு,
டைப்ரைட்டர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளும் கை.
பர்லியாறு வழி போகும் பஸ் இரண்டையும் செய்கிறது:
கொண்டை ஊசி வளைவில் முதலில் திரும்பல், பிறகு இறக்கம்.
நடப்பவன் தேயிலைக்குள் நேரே இறங்கிவிடுகிறான்.
யாரைக் குறை சொல்வது.

ஒரே ஒரு வரி எழுதினேன்:
உள்ளே வரும்போதே திரும்பலை உதிர்த்துவிடு.
பழைய கோப்புகளையும் அலசிப் போட்டேன்.
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் மாறின
என்றது கிட்.
கண்ணுக்கு ஒரு எழுத்தும் மாறவில்லை.
சென்னையிலிருந்து இர்ஃபான் பதறி போன் செய்தான்:
"எல்லாத்தையும் திருப்பி எழுதிட்டியா?"
"இல்ல. திருப்பினதை எடுத்தேன்."

லயத்தின் கடைசி வீடு எங்களுடையது.
அப்பாவின் அட்டை பீரோவில் இருக்கிறது:
பெயர், வயது, கப்பல் ஏறிய இடம் தலைமன்னார்,
கீழே ஊதா மையில், தாயகம் திரும்பியவர்.
எனக்கு அட்டை கிடையாது.
பள்ளி வருகைப் பதிவில் என் பெயர்
மற்றப் பெயர்களைப் போலத்தான் இருந்தது.
வாசித்து முடித்ததும் வாத்தியார்
ஒரு நொடி நிறுத்துவார்.
அப்புறம்தான் அடுத்த பெயர்.

எட்டரைக்குப் பெள்ளியின் செய்தி:
மிச்சி ஏறிடுச்சு. நேத்து, முந்தாநேத்து எல்லாம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் நினைவு வந்தது.
இங்கிருந்து ஃபேக்டரிக்குப் போகும் பட்டியலில்
பதின்மூன்றை நானே சேர்த்து அனுப்ப வேண்டும்.
அலுவலகத்தில் இன்னும் பழைய நோட்பேட்.
சேர்க்காவிட்டால்
அங்கே எல்லாப் பெயர்களும்
ஒரே வரியில் நிற்கும்.