ஒரு சாண்

புளியரை செக்போஸ்ட்டில் எடைமேடை பழுது.
ஆடி பிறந்து பதினொரு நாள்.
தகரக் கூரையில் சாரல் விழுந்தபடியே இருக்கிறது,
எந்தத் துளி எந்த மேகத்தினுடையது என்று
அதை யாரும் கேட்பதில்லை.

என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால், மண்ணுக்கடியில்,
புரோட்டான் கூட்டங்கள் எதிரெதிரே ஊடுருவும் ஒரு கணத்தில்
இருநூறு மோதல்.
வேண்டியது ஒன்று.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கும்
பின்னணி என்று பெயர்.
அத்தனையும் ஒரு விரல் நீளத்துக்குள்,
எண்ணெய் காணாத தலைபோலச் சிக்கு.

இடத்தால் பிரியாததை நேரத்தால் பிரி.
நொடி என்பது ஒரு சொடுக்கு.
அதை லட்சம் கோடியாகக் கூறுபோட்டு
முப்பது கூறு எடுத்தால்
அதற்குள் வெளிச்சம்
சுண்டுவிரல் நகத்தைத் தாண்டியிருக்கும்.
அவ்வளவு நெருக்கப் பல் வைத்த
பேன் சீப்புக்கு நான் பொறுப்பு,
இரவு பத்து முதல் ஆறு வரை.

எஸ் வளைவின் அடிவாரத்தில் வீடு.
கீழே லாரி கியர் மாற்றுவதும் கேட்கும்,
மேலே கோயில் திருப்பத்தில் ஹாரனும் கேட்கும்.
இரண்டுக்கும் நடுவே
காலி வண்டிக்கு நாலு நிமிடம்.
எம்-சாண்ட் என்றால் ஒன்பது.
ஒருநாள் முப்பிடாதிக்குப் போன் செய்தேன்
(பத்தாவதில் என் பெஞ்சு, இப்போது ரசீது போடுகிறான்):
"இப்பப் போனதுல பதினாலு டன் இருக்கு."
"சீட்டுல பத்துதாம் போட்டிருக்கு. நீ பேசாம தூங்கு."

லேசானதெல்லாம் ஒளியோடு ஒட்டி ஓடிவிடும்.
கனத்தது பிந்தும்.

போன வாரம் இரண்டே முக்காலுக்கு
எட்டுத் தடங்கள் பிந்தி வந்தன,
முழுதாக ஒரு நானோ நொடி.
எங்கள் ஜன்னல் தொண்ணூறு பிக்கோ நொடி,
அதற்கு வெளியே வருவது குப்பை.
"கழித்துவிடு" என்றாள் திரையில் இங்க்ரிட்.
"இரு" என்றேன்.
யாரும் இதுவரை கண்டிராத ஒன்று
பாரம் தாங்காமல்
மெதுவாக வந்திருந்தால்?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
எட்டும் டிடெக்டரின் ஒரே மூலையில் பட்டிருந்தன.
அதை நான் பார்த்தேன்,
பார்க்கப் பிரியப்படவில்லை.

கேபிள்.
பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியவர்
நீளத்தைப் பதிவேட்டில் எழுதவில்லை.
ஒரு சாண் கூடுதல்.
ஒரு சாணைக் கடக்க மின்துடிப்புக்கு ஒரு நானோ நொடி.

எண்ணைத் திருத்தினேன்.
எட்டும் தத்தம் மோதலுக்குத் திரும்பி
இருநூறில் கலந்தன.
இங்க்ரிட் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி.

இன்று ஒன்று நாற்பதுக்குக்
கீழே கியர் மாற்றிய வண்டி.
ஒன்பது நிமிடம் ஆயிற்று.
பதினொன்று.
சாரல் உள்ளே அடித்துக் கீபோர்டு நனைகிறது.
பதினேழு.
ஹாரன் இன்னும் கேட்கவில்லை.
ஜன்னலைச் சாத்தாமல் இருக்கிறேன்.